யாரும் நடக்காத கூட்ஸ் லைன் பாதை

ஜூலை 9, திங்கள், 1984

வெயில். மழை வருவதுபோல் இருட்டியது, வரவில்லை. காற்று தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து, ஒரே நாற்றம். வகுப்பில் ஜன்னலைச் சாத்தியும் பிரயோஜனம் இல்லை. எட்டாம் வகுப்பு பூகோள நோட்டு பாதிதான் திருத்தினேன். அண்ணி சொன்ன மண்ணெண்ணெய் மறந்தே போயிற்று. வீட்டில் அவள் முகம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் அமுதா வீட்டுக்கு. கால் கட்டு பிரித்து மூன்று மாதம் ஆகிறது. எலும்பு சேர்ந்துவிட்டது, லேசாக இழுத்து நடக்கிறாள். பள்ளி திறந்ததிலிருந்து வரவே இல்லை. ஒன்பதாவதில் பெயர் மட்டும் இருக்கிறது. அவள் அம்மா முனியம்மா ஷூ கம்பெனி வேலை முடிந்து இன்னும் வரவில்லை. அமுதா மட்டும் அரிசி புடைத்துக்கொண்டு. பாடம் ஏதாவது படித்தாயா என்று கேட்டேன். சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பாதை திறப்பு. நம்ப முடியவில்லை. ஸ்டேஷனிலிருந்து டேனரி கோடவுன் வரைக்கும் போன பழைய கூட்ஸ் லைன், எல்லாம் லாரியில் போக ஆரம்பித்ததும் கேட்பாரற்றுப் போனது. தண்டவாளத்தைப் பெயர்த்து எத்தனையோ வருடம். வெறும் மேடு, முள். அதில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டால் பிள்ளைகள் பெங்களூர் ஹைரோட்டில் லாரிக்கு நடுவே வர வேண்டாமே என்று இரண்டு வருடமாக மனு எழுதினேன். டிசம்பரில் அமுதாவை லாரி அடித்த பிறகுதான் நகராட்சியில் யாரோ அதைப் படித்தார்கள். ஓவர்சியர் தாமோதரன்தான் முள்ளை வெட்டி கிராவல் கொட்டியது எல்லாம். குடியாத்தத்துக்காரர். அதிகம் பேச மாட்டார்.

ஜூலை 13, வெள்ளி

திறப்பு விழா முடிந்தது. ஷாமியானா, மைக், ரிப்பன், ஆற்காட்டுப் பேடா. சேர்மன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், போட்டோ. எங்கள் பிள்ளைகள் வெள்ளை ரிப்பன் கட்டி இரண்டு வரிசையாக நடந்தார்கள். அதற்கும் போட்டோ. பேச்சில் என் பெயரைச் சொன்னார்கள், எஸ்தர் டீச்சர் என்று. காது சூடாகிவிட்டது.

விழாவுக்கு அமுதா வரவில்லை.

மண்ணெண்ணெய் வாங்கியாயிற்று.

ஜூலை 17, செவ்வாய்

குழப்பமாக இருக்கிறது. நேற்றும் இன்றும் பள்ளி விட்டதும் பின் கேட் பக்கம் நின்று பார்த்தேன். பாதை அந்தக் கேட்டை ஒட்டித்தான் போகிறது. சைக்கிளில் ஆண்கள் போகிறார்கள், டேனரி ஆட்கள். ஒரு ஆட்டு மந்தை. நாய்கள். பெண் பிள்ளை ஒன்றுகூட இல்லை. எல்லாரும் முன் கேட் வழியாகப் பழையபடி ஹைரோட்டில்.

வகுப்பில் கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து மட்டும், “அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிடுச்சி டீச்சர்.”

முனியம்மாவைப் பிடிக்க வேண்டும் என்று அவள் வேலை விட்டு வரும்வரை வீட்டு வாசலிலேயே காத்திருந்தேன். இனி பயமில்லையே, அமுதாவை அனுப்பு என்றேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

“ஹைரோட்டுல லாரி அடிச்சா நாலு பேரு பாப்பாங்க டீச்சர், தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. அந்த மேட்டுல ரெண்டு பக்கமும் முள்ளு. அங்க எதனா ஒண்ணு ஆச்சுன்னா வெளிய சொல்லக்கூட முடியாது. நீங்களே சொல்லுங்க.”

மனுவில் எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினேன். டீச்சர்கள், டாக்டர், மளிகைக் கடைக்காரர், போஸ்ட் மாஸ்டர். ஒரு பிள்ளையின் அம்மாவிடமாவது கேட்டேனா? கேட்டேன் என்றுதான் இவ்வளவு நாள் நினைப்பு. யோசித்தால் ஒருத்தி முகமும் வரவில்லை.

இன்னொன்று. அணைக்கட்டுப் பக்கமிருந்து அமுதாவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறதாம். அவளுக்குப் பதினைந்து வயது.

ஜூலை 19, வியாழன்

நானே தினமும் நடப்பது என்று முடிவு. ஒரு டீச்சர் நடந்தால் பிள்ளைகள் பின்னால் வருவார்கள். இன்று முதல் நடை. செருப்பில் கிராவல் ஏறுகிறது. பார்த்தவை: பாம்புச் சட்டை, தோல் துண்டுகள், பழைய கைகாட்டிக் கம்பம், எவனோ சீட்டாடிய இடம். மேட்டிலிருந்து பாலாறு தெரிகிறது, மணல் மட்டும். அழகாகத்தான் இருக்கிறது. அழகு என்று எழுதலாமா, தெரியவில்லை.

பாதி வழியில் ஓவர்சியர் எதிரே வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தார். யாரும் வராதது அவருக்கும் கஷ்டம்தான். விளக்குக் கம்பம் கேட்டு எழுதியிருக்கிறாராம், பதில் இல்லையாம்.

ஜூலை 22, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம், கவனிக்கவில்லை. மத்தியானம் மட்டன். அண்ணன் தூங்கிவிட்டார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நடந்தேன். மூன்று நாளும் தாமோதரன் வந்தார். மனைவி காமாலையில் போய் ஐந்து வருடமாம். பிள்ளை இல்லை. நான் அப்பாவின் வாதநோயைச் சொன்னேன், அப்பாவைக் கவனித்துக்கொண்டே எனக்கு முப்பது தாண்டிவிட்டது, பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை என்று. இதை ஏன் அவரிடம் சொன்னேன்? அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை.

நான் சைக்கிளில் போனால் பிள்ளைகள் இன்னும் கவனிப்பார்கள் என்கிறார். தங்கையின் லேடீஸ் சைக்கிள் சும்மா கிடக்கிறதாம். முப்பத்தாறு வயதில் சைக்கிளா.

ஜூலை 25, புதன்

சைக்கிள்! இரண்டு நாளாக. அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிறார், நான் கத்துகிறேன். முழங்கையில் சிராய்ப்பு. புடவை ஓரத்தில் செயின் மை. அண்ணி கேட்டாள், பள்ளியில் கறை பட்டது என்றேன். பொய் எதற்கு?

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பசியும் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. என்னவென்று தெரியவில்லை.

ஜூலை 27, வெள்ளி

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

ஸ்டாஃப் ரூமுக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்றாவது பீரியட் ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். உட்கார் என்றார், கதவைச் சாத்தினார். பெற்றோர் சிலர் வந்து போனார்களாம். டீச்சரே அங்கே ஒருத்தரோடு, சாயங்காலமானால், அவர் சீட்டைப் பிடிக்க... அவருக்கே வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கடைசியில் சொன்னார், “நீ நல்லதுக்குத்தான் செஞ்சே எஸ்தர். ஆனா அந்த ரோட்டுக்கு இப்போ ஒரு பேர் வந்திடுச்சி. இனிமே எந்தத் தாய் அனுப்புவா?”

முன்பு அது வெறும் ஆளில்லாத பாதை. பயம் மட்டும்தான். இப்போது அசிங்கமும் சேர்ந்துவிட்டது. சேர்த்தது நான். பிள்ளைகள் வர வேண்டும் என்று நடந்தேன், நடந்ததாலேயே வர மாட்டார்கள். இது என்ன கணக்கு?

அதோடு இன்னொன்று. அவர்கள் சொல்வது பொய் என்று ஹெச்.எம்.மிடம் சொல்ல வாய் வரவில்லை. நடந்தது சைக்கிள் பழகியது மட்டும்தான். அப்படியும் வரவில்லை.

ஜூலை 28, சனி

தாமோதரனிடம் சொல்லிவிட்டேன், இனி வர வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். ஏன் என்று கேட்பார் என்று பதில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. சரிங்க டீச்சர் என்றார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கேட்டிருக்கலாம்.

ஜூலை 31, செவ்வாய்

வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மணி ஆறுகூட ஆகவில்லை. தனியாக நடந்தேன். விட்டுவிட்டால் அவர்கள் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே.

கைகாட்டிக் கம்பம் தாண்டியதும் ஒருவன் சைக்கிளில் கடந்து போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான். மறுபடி கடந்தான். மெல்ல ஓட்டினான், பெல்லை ஒருமாதிரி அடித்தான். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் முறை திரும்பினபோது நான் மேட்டை விட்டு இறங்கி முள்ளுக்குள் புகுந்து ஹைரோட்டுக்கு ஓடினேன். புடவை கிழிந்தது. ஹைரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயிற்று. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு நிம்மதி. அமுதாவை அடித்த அதே ரோட்டில் நின்றுகொண்டு நிம்மதி.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? ஒருவன் பெல் அடித்தான் என்றா? முனியம்மா அன்று சொன்னது இதைத்தான்.

நாளையிலிருந்து நடக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

மழை. மத்தியானம் ஆரம்பித்தது, விடவே இல்லை. நாலு மணிக்கு ஹைரோட்டில் ரயில் பாலத்துக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர் என்று செய்தி. டேனரிக் கழிவும் அதில் கலந்து கறுப்பாக ஓடுகிறதாம். பஸ் நின்றுவிட்டது. தூரத்துப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று ஹெச்.எம். பள்ளியிலேயே வைத்துக்கொண்டார். நான் கூட இருந்தேன்.

கம்பெனி விடும் நேரத்துக்குப் பின் கேட் பக்கம் சத்தம். போய்ப் பார்த்தால் கூட்ஸ் லைன் மேட்டின் மேல் முழுக்கப் பெண்கள். ஷூ கம்பெனிப் பெண்கள் எல்லாரும். தலையில் ரெக்ஸின் துண்டு, கையில் செருப்பு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிரிப்பும் சண்டையுமாக வருகிறார்கள். மேட்டில் மட்டும்தான் தண்ணீர் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் அதில் ஏறியிருக்கிறார்கள்.

ஒரு இடத்தில் கிராவல் அரித்துப் பள்ளம். தாமோதரன் நனைந்துகொண்டு அங்கே பலகை போட்டு நின்றார், ஒவ்வொருத்தரையாகக் கடக்க விட்டுக்கொண்டு. என்னைப் பார்த்தார். பலகையை இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார்.

முனியம்மாதான் என்னைப் பார்த்துக் கத்தினாள். “இன்னா டீச்சர் நின்னுனு இருக்க, பசங்கள அனுப்பு, நாங்க இட்னு போறோம்.”

அனுப்பினேன். முன்னால் பின்னால் பெண்கள், நடுவில் என் பிள்ளைகள். மழையில் கொஞ்ச தூரத்திலேயே மறைந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 8, புதன்

பாலத்தடியில் தண்ணீர் வற்றி இரண்டு நாள் ஆகிறது. ஹைரோடு காய்ந்துவிட்டது. அந்தப் பெண்கள் இன்னும் பாதையில்தான் வருகிறார்கள், காலையும் சாயங்காலமும். பூக்காரி கூடையோடு அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் ஒருத்தி போண்டா. ஊரே வந்ததுபோல் இருக்கிறது.

ஏன் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஒருத்தி, இது கிட்டம் என்கிறாள். ஒருத்தி, லாரிப் புகை இல்லை என்கிறாள். பூ இங்கேதானே இருக்கிறது என்கிறாள் இன்னொருத்தி. பூக்காரியைக் கேட்டால் ஆள் இங்கேதானே வருது என்கிறாள். முனியம்மா யோசித்துப் பார்த்தாள். “தெரியல டீச்சர். கால் தானா இப்டி திரும்புது.”

காலையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அவர்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். யாரும் சொல்லவில்லை, வந்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டும். ஆனால் என் மனுவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? என் நடைக்கு? எனக்கு வந்த பேருக்கு? அந்தப் பேரைப் பற்றி இப்போது ஒருத்தரும் பேசவில்லை. நான் பட்ட அவமானம் எங்கே போயிற்று? எனக்கு மட்டும்தான் இருக்கிறதா?

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராக முனியம்மா வீட்டுக்கு. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், டீச்சர் வந்து ரெண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னால் மதிப்பு என்று கூப்பிட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லப் போனவள் பாயில் உட்கார்ந்துவிட்டேன். நன்றாகப் படிப்பாள், அடக்கமான பெண் என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது. கல்யாணத்தை நிறுத்த நினைத்தவள் நான்.

மாப்பிள்ளையின் அம்மா, தண்ணீர் கொண்டு வா என்று அமுதாவை அனுப்பினாள். நடக்க வைத்துப் பார்க்கத்தான். அமுதா எழுந்து உள்ளே போனாள், வந்தாள். கால் இழுத்தது. போன மாதம் நான் பார்த்ததைவிட அதிகம். செம்பிலிருந்து தண்ணீர் சிந்தும் அளவுக்கு.

சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். முனியம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அமுதா யாரையும் பார்க்கவில்லை.

மழை, ஈரம், எல்லாம் சேர்ந்து வலித்திருக்கலாம். இருக்கலாம்.

ஆகஸ்ட் 13, திங்கள்

அமுதா பள்ளிக்கு வந்தாள்!

பின் கேட்டில் நின்றிருந்தேன். கம்பெனிப் பெண்களின் நடுவில் வந்தாள், நீலப் பாவாடை, தோளில் பை. லேசான இழுப்புதான். முனியம்மா கேட்டில் விட்டுவிட்டு, கோபம் தீராமல், “அவங்க சொல்லி அனுப்புற வரைக்கும் வூட்ல உக்காந்து இன்னா பண்றது. வரட்டும்” என்றாள். அவ்வளவுதான். படிக்க வைக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளைக்கே அணைக்கட்டிலிருந்து ஆள் வந்தால்?

இடைவேளையில் கால் எப்படி என்று கேட்டேன்.

“நேத்துதான் டீச்சர் ரொம்ப வலிச்சிது.”

சிரிப்பில்லை. என்னை நேராகப் பார்த்தாள். ஆறு மாதப் பாடம் பாக்கி இருக்கிறது, நோட்டு எடு என்றேன்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

நாளை கொடியேற்றம். மிட்டாய், சுண்ணாம்புக் கோடு, குண்டூசி.

தாமோதரன் பள்ளிக்கு வந்தார், பின் கேட் பக்கம் வடிகால் அளக்க என்று. அளந்தார். பிறகு போகாமல் நின்றார். வாலாஜாபேட்டைக்கு மாற்றல், மாதக் கடைசியில் போக வேண்டுமாம். கையிலிருந்த டேப்பைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

“நீங்க வர வேணாம்னு சொன்னதால வரல. இப்ப கேக்காம போய்ட்டா அப்புறம் கேக்க முடியாது. என் கூட வர்றீங்களா? யோசிச்சிச் சொல்லுங்க. மதம் வேற, எனக்குத் தெரியும். எங்க வீட்லயும் பேசணும்.”

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். எங்கே என்றார். பாதையில், கம்பெனி விடும் நேரத்துக்கு என்று வாயில் வந்துவிட்டது. எல்லாரும் இருப்பாங்களே என்றார். இருக்கட்டும் என்றேன். எனக்கே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 16, வியாழன்

தூறல். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது. அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அண்ணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், பிசைந்துகொண்டே. அவர் சபைக்கு வருவாரா என்று கேட்டார். தெரியாது என்றேன். நீ கோயிலுக்குப் போவியா? தெரியாது. அப்ப என்னதான் தெரியும் உனக்கு?

“அவர் போய்ட்டா எனக்குக் கஷ்டமா இருக்கும், அது தெரியும்.”

அண்ணன் கை கழுவ எழுந்து போய்விட்டார். அண்ணி மட்டும் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து, அன்னைக்குப் புடவையில இருந்தது சைக்கிள் மைதானே என்றாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

வானம் வெளுத்துவிட்டது. போனேன். பாதை நிறையப் பெண்கள், பூ, போண்டா எண்ணெய் வாசனை. ஹெச்.எம். பின் கேட்டில் நின்று பார்த்தார், பார்க்கட்டும். தாமோதரன் அந்த லேடீஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றார். பக்கத்தில் போய், வரேன் என்றேன். வாலாஜாவுக்கா என்றார், நம்பாமல். ஆமாம், சபை கோயில் எல்லாம் பிறகு பேசிக்கொள்வோம் என்றேன். அவர் கண் கலங்கியது. சுற்றிலும் ஆள்.

முனியம்மாவும் அமுதாவும் வந்தார்கள். முனியம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். “இன்னா, தள்ளினே நிக்கவா எடுத்தாந்தீங்க? ஏறு டீச்சர்.”

ஏறினேன். அவர் சீட்டைப் பிடிக்கவில்லை. பிடிக்க வந்த கையை எல்லார் முன்னாலும் எடுத்துக்கொண்டார். வண்டி ஆடியது, நேரானது. வழி விடு வழி விடு என்று யாரோ. அமுதா கொஞ்ச தூரம் கூட ஓடி வந்தாள், நன்றாகவே ஓடினாள். பிறகு அவளும் பின்னால் போய்விட்டாள், நான் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறேன், கைகாட்டிக் கம்பம், போண்டாக்காரி, ஸ்டேஷன் கூரை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, இறங்குவது எப்படி என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.